தவிட்டு ஆலையும் தின்னர் டப்பாவும்

(ஒரத்தநாட்டில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அறக்கட்டளை இந்த ஊருக்குப் புதிதில்லை. இரண்டாம் சரபோஜி மன்னர் முத்தாம்பாள் நினைவாக எழுப்பிய சத்திரம் இங்கேதான் இருக்கிறது. மராத்தியர் காலத்துச் சத்திரங்கள் வழிப்போக்கருக்குச் சோறு போட்டதோடு நிற்கவில்லை. கல்வியும் மருத்துவமும் சேர்த்தே அங்கு நடந்தன. அந்த மரபுள்ள ஊரில் உழைக்கிறவர் உடம்பைப் பற்றிப் பேசுவது பொருத்தம் என்று கருதி இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டேன்.

நெல் விளைகிற பூமியில் தொழிற்சாலை இரசாயனத்துக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். கரைப்பான் என்பது எண்ணெய், பிசின், பெயிண்ட், ரப்பர் போன்றவற்றைக் கரைத்துக்கொண்டு, தன் வேலை முடிந்ததும் காற்றில் ஆவியாகிவிடும் திரவம். தின்னர், பெட்ரோல், டர்பன்டைன், வார்னிஷைக் கலக்கும் திரவம் எல்லாம் இந்தக் குடும்பம். டொலுவீன், சைலீன், ஹெக்சேன், அசிட்டோன் என்பவை அவற்றின் உள்ளே இருக்கும் பெயர்கள். டிராக்டருக்கு ஸ்பிரே அடிக்கும் பட்டறை, மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை, கட்டிலுக்குப் பாலிஷ் போடும் இடம், பஞ்சர் கடை, ஃபிளக்ஸ் அச்சடிக்கும் அறை, திசுத் துண்டுகளைப் பதப்படுத்தும் ஆய்வகம் என்று எண்ணிக்கொண்டே போகலாம். இவற்றில் பலவும் கடைத்தெருவை ஒரு சுற்று வந்தால் கண்ணில் படுபவை.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். கரைப்பானின் கேட்டை லிட்டர் கணக்கில் மதிப்பிடும் வழக்கத்தை நாம் விட வேண்டும். ஆயிரக்கணக்கான லிட்டர் வைத்திருக்கும் ஆலையைவிட, அரை லிட்டர் டப்பா வைத்திருக்கும் பத்தடி அறை நரம்புக்கும் மூளைக்கும் கூடுதல் கேடாக முடியும். நம் சட்டமும் பரிசோதனையும் பெரிய இடத்தையே பார்த்துக்கொண்டிருக்கின்றன. சின்ன அறைக்கு மதிப்பீட்டைக் கொண்டுபோவது எப்படி என்பதுதான் இன்றைய பேச்சு.

1. தவிட்டிலிருந்து எண்ணெய்

நம் மண்ணுக்கு நெருங்கிய கரைப்பான் தொழில் தவிட்டு எண்ணெய். நெல்லைத் தீட்டியதும் தவிட்டில் உள்ள ஒரு நொதி எண்ணெயைச் சிதைக்கத் தொடங்கிவிடும். வைத்திருந்தால் எண்ணெய் சாப்பாட்டுக்கு உதவாது. புழுங்கல் நெல்லில் அவிக்கும் சூடே அந்த நொதியை அடக்கிவிடுவதால், அந்தத் தவிடு சற்றுத் தாங்கும். எண்ணெயும் அதில் கூடுதல். செக்கில் ஆட்டினால் தவிடு எண்ணெயை விடாது. எனவே ஆலைகளில் ஹெக்சேன் என்ற கரைப்பானைத் தவிட்டின் மேல் பொழிந்து எண்ணெயைக் கழுவி எடுக்கிறார்கள். பிறகு சூடாக்கினால் ஹெக்சேன் ஆவியாகிப் பிரியும். அதைக் குளிர்வித்து மறுபடி திரவமாக்கி அடுத்த சுற்றுக்கு அனுப்புகிறார்கள். எண்ணெய் எடுத்த தவிடு மாட்டுத் தீவனத்துக்குப் போகிறது.

இந்த ஆலை ஹெக்சேனை மூடிய குழாய்க்குள் வைத்திருக்க இரண்டு காரணம். ஒன்று காசு: தப்பிப் போகும் ஒவ்வொரு லிட்டரும் நட்டம். இன்னொன்று தீ: ஹெக்சேன் ஏறத்தாழ 69 பாகையில் கொதிக்கும், நம் ஊர் வெயிலுக்கு மூடியைத் திறந்தாலே ஆவி கிளம்பிவிடும். அந்த ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனம். தரையோடு தரையாக ஊர்ந்து பள்ளத்தில் தேங்கும். எங்கோ ஒரு பொறி போதும். ஆகவே ஆலைக்காரர் தீக்குப் பயந்தே கவனமாக இருக்கிறார். சாப்பிடுகிறவருக்கும் பாதுகாப்பு உண்டு. 1967இலேயே கரைப்பான் முறையில் எடுக்கும் எண்ணெய்க்குக் கட்டுப்பாட்டு ஆணை வந்துவிட்டது. சுத்திகரித்த எண்ணெயில் ஹெக்சேன் எச்சம் பத்து லட்சத்தில் 5 பங்குக்கு மேல் போகக் கூடாது என்பது உணவுச் சட்டத்தின் விதி.

தீக்கான பாதுகாப்பில் ஒரு நுட்பமான ஓட்டை இருக்கிறது. ஹெக்சேன் ஆவி தீப்பற்ற வேண்டுமானால் காற்றில் ஏறத்தாழ 1.1 விழுக்காடு, அதாவது பத்து லட்சத்தில் 11,000 பங்கு சேர வேண்டும். நரம்பைக் காக்க அமெரிக்கத் தொழில்நலவியலாளர் அமைப்பு எட்டு மணி நேர வேலைக்குப் பரிந்துரைக்கும் சராசரி 50 பங்கு. இரண்டுக்கும் இடையே 220 மடங்கு வித்தியாசம். தீக்காகப் பொருத்திய எச்சரிக்கை மணி 11,000இல் பத்தில் ஒரு பங்குக்கு ஒலிக்கும்படி வைத்திருந்தாலும், நரம்புக்கான வரம்பைப் போல இருபது மடங்கு தாண்டிய பிறகுதான் ஒலிக்கும். மணி அடிக்காததால் காற்று நல்லது என்று ஆகாது. எந்திரத்தைத் திறந்து கழுவும் நாளில் உள்ளே இறங்கும் ஒப்பந்தத் தொழிலாளருக்கு இந்த வித்தியாசம் நேரடியாகப் பொருந்தும்.

2. செருப்பு ஒட்டிய வீடுகள்

ஹெக்சேன் நரம்பைக் கெடுக்கும் என்பது பேராலையில் தெரியவந்த செய்தி அன்று. 1960களில் ஜப்பானின் மிகாவா வட்டாரத்தில் வினைல் செருப்பு ஒட்டுவது குடிசைத் தொழிலாக நடந்தது. வீட்டுச் சிறு அறையில் உட்கார்ந்து, ஹெக்சேன் கலந்த பசையைத் தடவி ஒட்டுவார்கள். கால் மரத்து, பிறகு தசை தளர்ந்து, நடை தடுமாறி மருத்துவரிடம் வந்தார்கள். யமமுரா என்ற மருத்துவர் 1969இல் வெளியிட்ட ஆய்வில், பரிசோதித்த 1,662 பேரில் 93 பேருக்கு நரம்புப் பாதிப்பு இருந்தது. அந்த அறைகளில் ஹெக்சேன் 500 முதல் 2,500 பங்கு வரை இருந்ததாகக் கணக்கு.

இத்தாலியின் கதை வேறொரு பாடம். அங்கே செருப்புப் பசையில் இருந்த பென்சீன் இரத்தத்தைக் கெடுக்கிறது என்று 1963இல் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தினார்கள். பென்சீன் போன இடத்தில் ஹெக்சேன் வந்தது. இரத்தம் பிழைத்தது, நரம்பு மாட்டிக்கொண்டது. துருக்கியின் இஸ்தான்புல்லிலோ பென்சீன் பசை புழக்கத்தில் இருந்த காலம் அது. செருப்புத் தொழிலாளரிடையே இரத்தப் புற்றுநோய் கூடியதை முசாஃபர் அக்சோய் என்ற மருத்துவர் 1974இல் உலகத்துக்குச் சொன்னார்.

இவையெல்லாம் பழங்கதை என்று தள்ளவும் முடியாது. சீனாவின் சுசோ நகரில் ஆப்பிள் நிறுவனத்துக்குத் தொடுதிரை செய்துகொடுத்த ஆலையில், சீக்கிரம் காய்கிறது என்பதற்காக ஆல்கஹாலுக்குப் பதில் ஹெக்சேனால் திரையைத் துடைக்க வைத்தார்கள். 137 தொழிலாளர்கள் பாதிக்கப்பட்டதை ஆப்பிள் நிறுவனமே 2011 அறிக்கையில் ஒப்புக்கொண்டது. மிகாவாவுக்கும் சுசோவுக்கும் நாற்பது ஆண்டு இடைவெளி. செய்த வேலையும் வேறு. மூடாத டப்பா, கைக்கெட்டும் தூரத்தில் முகம், ஓடாத காற்று என்ற மூன்றும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

3. கணக்குப் போட்டுப் பார்ப்போம்

மதிப்பீடு என்றதும் கருவியும் நிபுணரும் வேண்டும் என்று மலைக்க வேண்டாம். முதல் கணக்கைப் பத்தாம் வகுப்பு மாணவர் போடலாம்.

மூன்று மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரமுள்ள அறை. உள்ளே 27 கன மீட்டர் காற்று. தின்னரில் முக்கியச் சரக்கு டொலுவீன் என்று வைத்துக்கொள்வோம். போபால் துயரத்துக்குப் பிறகு 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தியபோது சேர்த்த இரண்டாம் அட்டவணையில் டொலுவீனுக்கு எட்டு மணி நேரச் சராசரி வரம்பு கன மீட்டருக்கு 375 மில்லிகிராம், அதாவது பத்து லட்சத்தில் 100 பங்கு. 27ஐ 375ஆல் பெருக்கினால் சற்றேறக் குறைய 10 கிராம். திரவமாக அளந்தால் 12 மில்லி. இரண்டரை டீஸ்பூன் டொலுவீன் கதவடைத்த அறையில் ஆவியாகிச் சமமாகப் பரவினால் வரம்பைத் தொட்டுவிடும். ஒரு டீ கிளாஸ் அளவு, 100 மில்லி, ஆவியானால் வரம்பைப் போல எட்டு மடங்கு.

இப்போது காற்றைச் சேர்ப்போம். மணிக்குப் பத்து முறை அறைக் காற்று முழுவதும் மாறும்படி ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுகிறது என்றால், மணிக்கு 270 கன மீட்டர் காற்று வெளியேறும். அப்போது மணிக்கு ஏறத்தாழ 100 கிராம், அதாவது 115 மில்லி வரை ஆவியானாலும் அறையின் சராசரி வரம்புக்குள் நிற்கும். அறை அதே அறை, டப்பா அதே டப்பா. ஃபேன் ஒன்றுதான் வித்தியாசம். இது பருமட்டான கணக்கு. குனிந்து தடவுகிறவரின் முகத்தருகே செறிவு சராசரியைவிடப் பலமடங்கு இருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. வரம்பும் கல்லில் வெட்டியதில்லை. டொலுவீனுக்கு அமெரிக்க அமைப்பு 2007 முதல் 20 பங்கைத்தான் பரிந்துரைக்கிறது. அந்த அட்டவணையின் 100ஐ உச்சவரம்பாகக் கொண்டு, அதற்கு வெகு கீழே நிற்பதுதான் புத்தி.

4. மூக்கு, தோல், பருவம்

கணக்கு வேண்டாம், மணம் வந்தால் தெரியாதா என்பார்கள். டொலுவீன் வரம்புக்கு வெகு கீழேயே மணக்கும். ஹெக்சேனோ மெல்லிய மணம், 50 பங்கில் பலருக்குத் தெரியாது. அதோடு எந்த மணத்துக்கும் மூக்கு சீக்கிரம் பழகிவிடும். “எனக்கு இப்பல்லாம் வாசனையே வர்றதில்லை” என்று ஒரு பெயிண்டர் சொன்னால், மூக்கு பழகிவிட்டது என்று மட்டும் பொருள். அறைக் காற்றைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

தோலும் ஒரு வாசல். கிரீஸ் படிந்த கையைப் பெட்ரோலிலோ தின்னரிலோ கழுவுவது மெக்கானிக் பட்டறைகளில் வெகு சாதாரணம். தோலின் இயற்கை எண்ணெய் கரைந்து வெடிப்பு விழும். அந்த வெடிப்பு வழியே அடுத்த முறை இன்னும் எளிதாக உள்ளே போகும். இந்தியாவில் இன்று விற்கும் பெட்ரோலில் பென்சீன் 1 விழுக்காடு வரை இருக்கலாம். பென்சீன் மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்பது ஐயத்துக்கு இடமில்லாமல் நிறுவப்பட்டது.

விவசாயிகளும் இதிலிருந்து விலகி நிற்கவில்லை. மருந்துப் புட்டியில் ‘20 இ.சி.’ என்று இருந்தால் பூச்சியைக் கொல்லும் சரக்கு 20 விழுக்காடு. மீதியில் பெரும்பகுதி சைலீன் வகைக் கரைப்பான். தண்ணீரில் ஊற்றியதும் பால் போல வெளுக்கிறதே, அது கரைப்பானும் அதைத் தண்ணீரில் சிதறவைக்கும் பொருளும் செய்யும் வேலை. மருந்து நெடி என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு கரைப்பானின் நெடி. மருந்தைத் தோலுக்குள் இழுத்துச் செல்வதிலும் அதற்குப் பங்குண்டு. ஆகவே அடிக்கும் நேரத்தைவிட, அடர்மருந்தை மூடியில் அளந்து டேங்கில் ஊற்றும் அந்த இரண்டு நிமிடத்துக்குத்தான் கையுறை முதலில் வேண்டும்.

எந்த நாளில் மதிப்பிடுவது என்பதும் முக்கியம். காயில் கட்டும் கடையில் குறுவைக்கு முன்னால், மேட்டூர் அணை திறக்கும்வரை போர்த் தண்ணீரை நம்பியிருக்கும் கோடையில், எரிந்த மோட்டார் வரிசையில் நிற்கும். ராத்திரியிலும் வேலை ஓடும். பெயிண்ட் வேலைக்குப் பொங்கலும் ஆயுத பூஜையும். ஃபிளக்ஸுக்குத் திருவிழாவும் தேர்தலும். ஆடி மாதத்துச் சோம்பல் நாளில் போய்ப் பார்த்துவிட்டு “இங்கே ஒன்றுமில்லை” என்று எழுதுவது மதிப்பீடு ஆகாது. உச்ச நாளைப் பார்த்து எழுத வேண்டும்.

கடைக்குக் கடை வித்தியாசமும் உண்டு. தண்ணீர் நிரப்பி இயங்கும் நீர்மூழ்கி மோட்டாரின் கம்பிக்குப் பிளாஸ்டிக் உறை இருக்கும். அதற்கு வார்னிஷ் வேலை கிடையாது. மோனோபிளாக், ஃபேன் மோட்டார்களுக்கு எனாமல் கம்பி; வார்னிஷில் முக்கி, சூடுகாட்டிக் காயவைக்க வேண்டும். அந்தச் சூட்டில்தான் கரைப்பான் மொத்தமாகக் கிளம்பும். ஒரே தெருவில் அடுத்தடுத்து இரண்டு காயில் கடை. பலகை ஒன்று போல இருந்தாலும் கேடு ஒன்று போல இருக்காது. தொழிலின் பெயரை வைத்து முடிவு கட்டாமல், செய்யும் வேலையைக் கூட இருந்து பார்க்க வேண்டும்.

5. உடம்பு காட்டும் அறிகுறி

வேலையின்போது கிறுகிறுப்பு, தலைவலி, குடித்தது போன்ற மிதப்பு. வீட்டுக்குப் போய்த் தூங்கினால் சரியாகிவிடுவது: இது முதல் படி. ஞாயிற்றுக்கிழமை நன்றாக இருந்து திங்களன்று மறுபடி தலைவலி வந்தால், காரணம் வேலையிடத்தில்தான் இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் மறதி, எரிச்சல், கவனச் சிதறல் வரும். டென்மார்க்கும் ஸ்வீடனும் பெயிண்டர்களிடம் இதைக் கண்டு 1970களிலேயே தொழில்நோயாகப் பேசத் தொடங்கிவிட்டன. டொலுவீனோடு சுத்தியல், கம்ப்ரசர் சத்தமும் சேர்ந்தால் காது இன்னும் வேகமாகக் கெடும். வேலை முடிந்ததும் சாராயம் போட்டால், டொலுவீனை உடம்பு வெளியேற்றும் வேகம் குறையும்.

ஹெக்சேனின் பாதிப்பு ஓசையில்லாமல் வரும். ஈரல் அதை வேறொரு பொருளாக மாற்றுகிறது. அந்தப் பொருள்தான் நீண்ட நரம்புகளை நுனியிலிருந்து கெடுக்கிறது. கால்விரல் முதலில் மதமதக்கும், பிறகு கைவிரல். சர்க்கரை நோயும் இதே இடத்தில், இதே மதமதப்பாகத்தான் தொடங்கும். சர்க்கரை பெருகிக் கிடக்கும் நம் மாவட்டத்தில் “கால் மரத்துப்போகுது டாக்டர்” என்று ஒருவர் சொன்னால் மருத்துவர் முதலில் சர்க்கரையைத்தான் பார்ப்பார், அது சரிதான். சர்க்கரை அளவு சரியாக இருந்தும் மதமதப்பு இருந்தால் என்ன செய்கிறோம் என்பதே கேள்வி. மூட்டை மூட்டையாக வைட்டமின் மாத்திரை கொடுத்து, அதே அறைக்குத் திருப்பி அனுப்பிவிடுகிறோம். ஹெக்சேனின் மாற்றுப்பொருளைச் சிறுநீரில் அளக்க முடியும். ஆனால் அளக்கத் தோன்ற வேண்டுமே. 1700இல் இத்தாலிய மருத்துவர் ராமசினி, நோயாளியிடம் மருத்துவர் கேட்கும் கேள்விகளோடு தொழில் என்ன என்பதையும் சேர்க்கச் சொன்னார். முந்நூறு ஆண்டாகியும் நம் புறநோயாளிச் சீட்டில் வயதுக்கு இடமிருக்கிறது, தொழிலுக்கு இடமில்லை.

6. சட்டம் நிற்கும் இடம்

சட்டம் மோசமில்லை. 1987 திருத்தம் ஆபத்தான பொருளைப் பற்றித் தொழிலாளிக்குச் சொல்ல வேண்டும் என்றது. உடல்நலப் பதிவேடு வைக்கச் சொன்னது. உயிருக்கு ஆபத்து நெருங்குவதாகத் தொழிலாளி எச்சரித்தால் நிர்வாகம் உடனே நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றது. பென்சீன் நச்சு, அறிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியலில் இருக்கிறது. அதைக் காணும் மருத்துவர் தலைமை ஆய்வாளருக்குத் தெரிவிப்பது கடமை.

ஆனால் மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் பத்துப் பேர், பயன்படுத்தாத இடத்தில் இருபது பேர் இருந்தால்தான் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் கண்ணில் அது தொழிற்சாலையாக இருந்தது. அதற்கு மாற்றாக நாடாளுமன்றம் 2020இல் நிறைவேற்றிய சட்டத் தொகுப்பு இந்த எண்ணிக்கையை 20 என்றும் 40 என்றும் உயர்த்தியது. முதலாளி ஒருவர், வேலையாள் இருவர், கற்றுக்கொள்ளும் பையன் ஒருவன் என்று நடக்கும் கடை எந்தக் கணக்கிலும் வராது. ஆட்களை எண்ணி ஆபத்தை அளப்பதும் லிட்டரை எண்ணி அளப்பதும் ஒரே வகைப் பிழை. மிகாவாவின் வீடுகளும் அன்றைய எந்த ஆலைப் பட்டியலிலும் இருந்திருக்காது.

7. செய்யக்கூடியது

பாசனத்தில் வெள்ளம் வந்தால் தலைமதகை இறக்காமல் வயலுக்கு வயல் வரப்பை உயர்த்திக்கொண்டிருக்க மாட்டோம். கரைப்பானிலும் அதே வரிசை. முதலில், இந்த வேலைக்கு இது வேண்டுமா என்று பார்க்க வேண்டும். கையைக் கழுவச் சோப்பும் தேங்காயெண்ணெயும் போதும். பாகத்தைக் கழுவப் பெட்ரோலுக்குப் பதில் சோப்புக் கரைசல் பல இடத்தில் போதும். மாற்றும்போது இத்தாலியை நினைவில் வைத்து, புதியதன் பெயரையும் கேட்க வேண்டும். அடுத்து மூடி: தின்னர் துணியையும் டப்பாவையும் மூடியே வைத்தால் ஆவியில் ஒரு பங்கு அங்கேயே நிற்கும். அடுத்து காற்று: கனமான ஆவி கீழே தேங்குவதால், கூரையோரத்தில் மட்டும் ஃபேன் வைத்துப் பயனில்லை, வேலை நடக்கும் உயரத்தில், முகத்திலிருந்து விலகி இழுக்கும்படி வைக்க வேண்டும். கரைப்பான் அறையில் சாதாரண ஃபேனின் பொறியே தீ வைக்கலாம் என்பதால் மின்வேலை தெரிந்தவரைக் கேட்டே பொருத்த வேண்டும். வார்னிஷ் காயவைப்பதைத் திறந்தவெளிக்கு மாற்றினால் செலவே இல்லை.

முகக்கவசம் கடைசி வரப்பு. கொரோனா காலத்தில் பழகிய துணி மாஸ்க்கும் என்-95ம் தூசியைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. கரிக்குடுவை பொருத்திய கவசம்தான் கரைப்பான் ஆவிக்கு உதவும். அந்தக் குடுவையையும் காலத்தில் மாற்ற வேண்டும்.

கடைக்கு ஒரு பக்கத் தாள் எழுதிவைக்கலாம். டப்பாவில் உள்ள பொருளின் பெயர், ஒரு நாளில் தீரும் அளவு, அறையின் நீள அகலம், காற்று போகும் வழி, உச்ச வேலை நடக்கும் மாதம், வேலையாட்களுக்குத் தலைவலியோ மதமதப்போ உண்டா என்பது: இந்த ஆறு விவரமும் ஒரு மாலையில் எழுதக்கூடியவை. பெயர் எழுதாத தின்னரை வாங்குவதில்லை என்று இந்த ஊர்ப் பட்டறைக்காரர்கள் கூடி முடிவெடுத்தால், விற்கிறவர் பெயரை எழுதித்தான் ஆக வேண்டும். ஐ.டி.ஐ., கல்லூரி மாணவர்கள் இந்தத் தாளை எழுத உதவலாம். 27ஐ 375ஆல் பெருக்கத் தெரிந்தால் போதும்.

அரசிடம் கேட்க வேண்டியது இரண்டு. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வீட்டுக்கே வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறது. அந்தப் படிவத்தில் “என்ன வேலை, எந்தப் பொருளோடு?” என்று ஒரு வரி சேரட்டும். இரண்டாவது, 1948 சட்டத்தின் 85ஆம் பிரிவு, ஆள் குறைவான இடத்துக்கும் சட்டத்தை விரிக்கும் அதிகாரத்தை மாநில அரசுக்குக் கொடுத்தது. புதிய தொகுப்பின் கீழ் விதி எழுதும்போதும் அந்தக் கதவு திறந்தே இருக்க வேண்டும். அதைத் திறப்பதற்கு அளவுகோல் ஆள் எண்ணிக்கையாக இல்லாமல், அங்கே ஆவியாகும் பொருளாக இருக்க வேண்டும்.

தவிட்டு ஆலை தீக்குப் பயந்து மூடி போட்டது. பட்டறையில் அரை லிட்டர் தீப்பிடித்தால் அணைத்துவிடலாம் என்ற தைரியத்தில் மூடி திறந்தே இருக்கிறது. பயப்பட வேண்டிய அளவு 11,000 அன்று, 50 என்று தெரிந்துகொண்டால் அந்த மூடியைப் போட எந்த ஆய்வாளரும் வர வேண்டியதில்லை. வருகிற குறுவைக்கு முன், காயில் கடைகளில் வேலை குவியும் முன், அந்த ஒரு பக்கத் தாளை முதல் பத்துக் கடைகளில் எழுதி முடிக்கும்படி இந்த அவையைக் கேட்டுக்கொள்கிறேன்.